நெடுக்குக் கோடு

துரு வட்டமாகப் பிடிக்கும், சூடு நெடுக்காகக் கிழிக்கும், அவ்வளவுதான் விஷயம், இந்த ஒரு வரிக்காக நான் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து அப்பாவின் பைக் எஞ்சினுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், உள்ளே பார்க்க ஒன்றும் இல்லை, சிலிண்டர் வாய் நிறைய, இறுகினது இளக ஊற்றி வைத்த டீசல், டீசலுக்கு அடியில் பிஸ்டனின் தலை, குளத்துக்கு அடியில் கிடக்கும் சில்லறை போல மங்கலாக. எதிரே என் சிநேகிதன் நூர்தீன் சாக்கை விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்து நட்டுகளைத் தனித்தனியாகக் கழற்றி ஒரு தயிர் டப்பாவில் போடுகிறான், ஒவ்வொன்றும் விழும்போது டப்பா ஒரு சத்தம் போடுகிறது, அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை, பிடிக்கவில்லை என்பதுகூட இல்லை, கேட்கிறது, அவ்வளவுதான். செத்த வண்டி மூன்றைக் காயல்பட்டினத்தில் அவன் வீட்டு முற்றத்தில் வைத்து எழுப்பி விட்டவன், இது நாலாவது, எஞ்சினியரிங் படித்ததைவிட இதில்தான் படித்தேன் என்று பீற்றுகிறவன். "பார்த்துக்கோ மேடம், சும்மா கிடந்து துருப்பிடிச்சிருந்தா பிஸ்டன் நிக்கிற இடத்துல மோதிரம் மாதிரி ஒரு வட்டம் இருக்கும். ஓடும்போதே சூட்டுல பிடிச்சிருந்தா அலுமினியம் உருகி சுவத்துல மேலருந்து கீழ வரைக்கும் கோடு கோடா இழுத்திருக்கும். நகம் மாட்டும்." ஓடும்போதே பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்தால் பின் சக்கரம் அப்படியே நின்றுவிடும், நின்றுவிட்டால் வண்டி ஓட்டுகிறவன் கையில் இல்லை, ஓட்டுகிறவன் கையில் இல்லை என்றால் அப்பா தானாகப் போய் அந்தப் பாலத்துச் சுவரில் மோதவில்லை. வட்டம் மட்டும் இருந்தால் இது எதுவும் இல்லை, நான் இத்தனை வருஷமாகப் போட்ட சண்டை எல்லாம் வெறும் வாய்.

ஏனென்றால் சண்டை போட்டிருக்கிறேன். ரோசலின் அத்தையோடு, அத்தையின் சம்பந்தியோடு, துட்டி விசாரிக்க வந்து பத்து வருஷம் கழித்தும் விசாரித்துக்கொண்டே இருக்கிற ஆட்களோடு. அப்பாவுக்கு உப்பளத்தில் மேற்பார்வை வேலை. அளத்துக்குப் போகும் அந்த ரோட்டில் மரம் கிடையாது, வளைவு கிடையாது, காலை நேரம், எதிரே வண்டி இல்லை, குறுக்கே ஆடுகூட இல்லை. நேர்ரோட்டில் போகிறவன் எப்படி மோதுவான்? இதுதான் அத்தையின் கேள்வி, கேள்வி மாதிரிச் சொல்லிவிட்டுப் பதிலையும் அவளே வைத்திருப்பாள். முந்தின நாள் ராத்திரி அத்தை எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள், அம்மா அப்பாவைப் பார்த்து "எங்கயாவது போய்த் தொலைங்க" என்று கத்தினது அவள் காதில் விழுந்தது. "தொலைன்னு சொன்னா, தொலைஞ்சிட்டான் என் தம்பி." மையவாடியில், பெட்டியை இறக்குவதற்கு முன்னால், அம்மாவின் முகத்துக்கு நேராகச் சொன்னாள். எனக்கு அப்போது ஒன்பது வயது, புது ஷூ கடித்துக்கொண்டிருந்தது, அதுதான் பெரிதாக ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அப்பாவின் ஆட்கள் ஒரு பக்கம் நின்று மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், நானும் அம்மாவும் இன்னொரு பக்கம், நடுவில் அப்பா, சண்டை போட்ட இரண்டு வீட்டுக்கு நடுவில் இருக்கிற சந்து போல. அடுத்த வாரம் மறுபடியும் அந்தத் திருநாள். இந்த வருஷம் கையில் ஏதாவது கொண்டுபோக வேண்டும் என்று நினைத்தேன், அத்தை முன்னால் வைத்து இதைப் பார், இதற்குப் பதில் சொல் என்று. குற்றவியல் எம்.ஏ. படிக்கிறேன், சாட்சி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், ஒட்டுக்கேட்ட ஒரு வாக்கியம் சாட்சி ஆகாது. ஆனால் அம்மாவின் சாட்சியும் சாட்சி ஆகாதே. அம்மா வைத்திருப்பது ஒரே ஒரு வாக்கியம், யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், வெங்காயம் நறுக்கும்போது, துணி மடிக்கும்போது, "கோவமா இருந்தவ விடிஞ்சதும் பாட்டில் தூக்கிட்டுப் போய் பெட்ரோல் வாங்கி ஊத்தி வைப்பாளா?" அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது மரத்துவிட்டது. ஒருநாள் சொல்லியே விட்டேன், அதனால ஒண்ணும் நிரூபணம் ஆகாதும்மா, நீ ஊத்தினது உன் மனசைத்தான் காட்டும், அவர் மனசைக் காட்டாது. அம்மா நறுக்கிய வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். தர்க்கப்படி நான் சொன்னது சரிதான்.

"பிடி" என்கிறான் நூர், பிடிக்கிறேன், குழாயைச் சொருகி டீசலை ஒரு பாட்டிலுக்குள் இழுத்து விடுகிறான், கொழகொழவென்று தேநீர் நிறத்தில் இறங்குகிறது. இதற்கே எவ்வளவு பொறுமை. நானாக இருந்தால் முதல் நாளே சுத்தியலை எடுத்திருப்பேன், எடுக்கவும் செய்தேன், அவன் பிடுங்கிக்கொண்டான். "வாயால அடிக்கிற மாதிரி இதை அடிக்க முடியாது வக்கீலம்மா. ஊறணும்." நான் வக்கீலுக்குப் படிக்கவில்லை என்று நூறு தடவை சொல்லியாகிவிட்டது. இந்த வீட்டுக்கு வந்த ஆண் ஒவ்வொருவனும் இந்த வண்டியை ஒரு உதை உதைத்துப் பார்த்திருக்கிறான், பெரியப்பா, மாமா, கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், ஜெபக்கூட்டத்துக்கு வந்த உபதேசியார், எல்லோருக்கும் அதே நினைப்பு, மற்றவன் காலில் வலு இல்லை, என் காலில் இருக்கிறது. கிக்கர் கல் போல நிற்கும், "எஞ்சின் போச்சு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் காப்பி குடிக்க உட்காருவார்கள். ஒருத்தராவது திறந்து பார்த்தார்களா? திறக்காமலே தெரிந்துவிடும் இவர்களுக்கு, வண்டியும் தெரியும், செத்தவன் மனசும் தெரியும், அவன் பெண்டாட்டி மனசும் தெரியும். இதை நினைத்தால் கோபம் வரவேண்டும். முன்பெல்லாம் வரும், காது மடல் சுடும், இப்போது கோபம் இருக்க வேண்டிய இடத்தைத் தடவிப் பார்க்கிறேன், பல் பிடுங்கிய பிறகு மரத்த கன்னத்தை உள்ளிருந்து நாக்கால் தடவுகிற மாதிரி, இருக்கிறது, என்னுடையதுதான், ஆனால் வலியில்லை. "நீ என்ன பார்க்கணும்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டே" என்று நேற்று நூர் சொன்னான், "நீ சொல்றது ஆராய்ச்சி இல்ல, ஜெபம்." அதற்கு அரை மணி நேரம் அவனோடு வாதாடினேன், அவன் கடைசியில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டான், உண்மையான பஞ்சு, எண்ணெய் துடைக்க வைத்திருந்தது.

இப்போது மரக்கட்டையை பிஸ்டன் மேல் வைத்து உள்ளங்கையால் தட்டுகிறான், தட்டுவதும் இல்லை, குழந்தை முதுகில் ஏப்பத்துக்குத் தட்டுகிற மாதிரி. டீசல் வாடையும் பழைய எண்ணெய் வாடையும் சேர்ந்து எழும்புகிறது, அதற்குள் எங்கேயோ அந்த இனிப்புப் புகை வாடை, அது இருக்க முடியாது, இத்தனை வருஷம் ஒரு வாடை உட்கார்ந்திருக்க முடியாது, ஆனால் இருக்கிறது, நான் டேங்க் மேல் உட்கார்ந்திருக்கிறேன், கால் இரண்டு பக்கமும் தொங்க, அப்பா மூடியைத் திறக்கிறார், மூடிக்கு அடியில் ஒரு சின்னக் கிண்ணம் மாதிரி இருக்கும், அதில் எண்ணெய் அளந்து பெட்ரோலோடு ஊற்றுவார், ஊற்றிவிட்டு வண்டியை என்னோடு சேர்த்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டுவார், கலக்கணும்ல, "பாப்பாவும் கலங்கட்டும்" என்பார், நான் கத்துவேன். இந்த மாதிரி வண்டிக்குத் தனியாக எண்ணெய் போகிற வழி கிடையாது, பெட்ரோலோடு கலந்து போனால்தான் உண்டு, அது அவருக்குச் சாப்பாட்டில் உப்பு மாதிரி, மறக்கவே மாட்டார். பெட்ரோல் பங்கில் இருக்கிறவர்களை நம்ப மாட்டார், தன் கையால்தான் அளப்பார். அம்மாவோடு சண்டை என்றால்கூட அந்த வேலை நிற்காது, வாய் மட்டும்தான் நிற்கும். சண்டைக்கு மறுநாள் இரண்டு பேரும் பேச மாட்டார்கள், அது எங்கள் வீட்டு வழக்கம், பேச மாட்டார்கள், ஆனால் ஒருத்தருக்கொருத்தர் ஏதாவது செய்து வைப்பார்கள், அம்மா அவர் சட்டையில் போன பொத்தானைத் தைத்து வைப்பாள், அவர் தண்ணீர்க் குடத்தை நிரப்பி வைப்பார், செய்தது யார் என்று சொல்லவும் மாட்டார்கள், கேட்கவும் மாட்டார்கள், சாயங்காலம் ஆனதும் "பாப்பா, அம்மாட்ட சாப்பாடு போடச் சொல்லு" என்று என் வழியாகத் தொடங்கும். அன்றைக்குச் சாயங்காலம் வரவில்லை. அந்தச் சண்டையே பெட்ரோலால்தான், மாமா வீட்டுப் பால்காய்ப்புக்குப் போக அம்மா பட்டுச் சேலை கட்டி உட்கார்ந்திருக்க, அப்பா வழியில் பெட்ரோல் தீர்ந்து வண்டியை அளத்திலிருந்து தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. தள்ளிக்கொண்டு வந்தவருக்கு வியர்வை, இவளுக்கு அவமானம், இடையில் அந்த வார்த்தை.

கோடு என்றால் இன்னொரு கோடும் இருக்கிறது. ரோட்டில் கிடந்தது, கறுப்பாக, ஒற்றையாக, பாலத்துக்கு முன்னால் நீளமாக இழுத்து ஒரு பக்கம் சாய்ந்து போன கோடு, நான் பார்த்தேனா, பெரியப்பா சொன்னதைக் கேட்டு நான் பார்த்ததாக வைத்துக்கொண்டேனா தெரியவில்லை. "பிரேக் அடிச்சிருக்கான், கடைசி நேரத்துல மனசு மாறியிருக்கும்." இதை ஆறுதலாகச் சொன்னார் பெரியப்பா, நல்ல மனுஷன், அதைக் கேட்டு அம்மா இரண்டு நாள் பேசவில்லை, மனசு மாறியிருக்கும் என்றால் அதற்கு முன்னால் மனசு அங்கே இருந்தது என்றுதானே அர்த்தம். பிரேக் இல்லை, சக்கரம் நின்றிருக்கிறது, இதுதான் என் வாதம், ஆனால் வாதத்துக்கு நடுவில் ஒரு முள், எத்தனை தடவை வந்தாலும் அங்கேதான் சேலை மாட்டுகிறது, கிளட்ச். நூரிடம் கேட்டேன், பிஸ்டன் பிடித்தவுடன் கிளட்சைப் பிடித்தால் என்ன ஆகும். "சக்கரம் விடுபட்டுடும். பழகினவங்க எப்பவும் ரெண்டு விரலைக் கிளட்ச் மேலயே வச்சிருப்பாங்க. ஆனா அரை செகண்டுதான் கிடைக்கும்." அப்பா பழகினவர். அப்பாவின் இரண்டு விரல் எப்போதும் அங்கேதான் இருக்கும், எனக்கு நன்றாகத் தெரியும், டேங்க் மேல் உட்கார்ந்திருந்தால் கண்ணுக்கு நேரே அந்த விரல்கள்தானே. அன்றைக்கு ஏன் இல்லை? எதையாவது யோசித்துக்கொண்டு போயிருப்பார், எதை, அந்த வார்த்தையை, அப்படியென்றால் மறுபடியும் அங்கேயே வந்து நிற்கிறது, இல்லை, அரை செகண்டு யாருக்கும் போதாது, போதும், போதாது, யாருக்காவது போதியிருக்கும், எனக்குப் போதாது, நான் அரை செகண்டில் ஒரு பதில்கூடச் சொன்னதில்லை, யோசித்து யோசித்து மறுநாள்தான் நல்ல பதில் வரும்.

"அசையுது." நூரின் குரல் தாழ்ந்துவிட்டது, பீற்றல் இல்லை. "மெல்ல. நீ அந்தப் பக்கம் பிடி, நேரா தூக்கு, சாய்க்காத, சாய்ச்சா புதுக் கோடு விழும், உன் கோடு எது என் கோடு எதுன்னு நீயே சண்டை போடுவ." சிலிண்டரை இரண்டு பேரும் இரண்டு பக்கம் பிடித்துத் தூக்குகிறோம், வரமாட்டேன் என்கிறது, பிறகு ஊறின பிசினிலிருந்து விரலை எடுக்கிற மாதிரி ஒரு நூல் அளவு, இன்னொரு நூல் அளவு, கையில் வந்துவிட்டது, எடை அதிகம், உள்ளே செந்துரு, வட்டமாக, மோதிரம் மாதிரி, அவன் சொன்ன அதே மோதிரம். சரி, வட்டம். தகரக் கூரைக்கு மேல் ஒரு காகம் நடக்கிறது. நூர் துணியால் துடைக்கிறான், துருவுக்கு அடியில், துருவுக்கு மேலும் கீழும், வெளிச்சத்துக்குத் திருப்பினால் வெள்ளையாக, நெடுக்காக, ஒன்று இரண்டு இல்லை, சீப்பால் வாரினது போல. "நகத்தை வை" என்கிறான். வைக்கிறேன். மாட்டுகிறது. இழுக்கிறேன், அடுத்ததில் மாட்டுகிறது. பிஸ்டனைப் பார்த்தால் அதன் பக்கவாட்டிலும் அதே கோடு, ரிங்கை மூடி அலுமினியம் மெழுகாகப் பூசிக்கொண்டிருக்கிறது. "உருகி ஒட்டின அலுமினியம். உதைச்சு வராது, துருவுல வராது. ஓடும்போது பிடிச்சது, நல்ல வேகத்துல. ரெஜினா, உங்கப்பா மோதல. வண்டி கொண்டுபோய் மோதிச்சு." என்னை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. நான் ஜெயித்துவிட்டேன். அத்தையை ஜெயித்துவிட்டேன், பெரியப்பாவை, எல்லோரையும். நூர் விடாமல் பேசிக்கொண்டே போகிறான், சந்தோஷத்தில், அவனுக்கு வேலை பலித்த சந்தோஷம், "பாரு, சுத்தமா காய்ஞ்சு போய் ஓடியிருக்கு, பெட்ரோல்ல எண்ணெயே இல்ல, ஒரு சொட்டு இல்ல, வெறும் பெட்ரோல். உங்கப்பா ஊத்த மறந்துட்டாரோ?" மறக்க மாட்டார், என்று சொல்ல வாய் திறக்கிறேன். மறக்க மாட்டார். அன்றைக்கு அவர் ஊற்றவில்லை. முந்தின நாளே தீர்ந்துபோன டேங்க், ஒரு சொட்டு பழையது இல்லை, விடிந்ததும் பாட்டில், பங்கில் வண்டியோடு போனால் எண்ணெய் போடவா என்று கேட்பார்கள், பாட்டிலோடு வந்த பெண்ணிடம் யார் கேட்பார்கள், அம்மா ஓட்டினது ஸ்கூட்டர், அதற்கு இந்தக் கலப்பே வேண்டாம், அவளுக்கு எப்படித் தெரியும். அப்பா வெளியே வந்து வண்டியை ஆட்டிப் பார்த்திருப்பார், டேங்க் குலுங்கியிருக்கும், யார் ஊற்றினது என்று புரிந்திருக்கும், பங்கிலேயே கலந்து வாங்கியிருப்பாள் என்று நினைத்திருப்பார், எண்ணெய் போட்டியா என்று ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி, வாசலில் நின்று வீட்டுக்குள்ளே பார்த்துக் கேட்டிருக்கலாம். ஆனால் பேச மாட்டார்கள். செய்து வைப்பார்கள், கேட்க மாட்டார்கள். ஒருவேளை சிரித்திருப்பார், கோபம் ஆறிவிட்டது என்று, அந்த நேர்ரோட்டில் அதை நினைத்துக்கொண்டு போயிருப்பார், விரல் கிளட்சில் இல்லாமல். கையைப் பார்க்கிறேன், சிலிண்டரைப் பிடித்திருக்கிறது, கை எனக்குச் சேர்ந்தது மாதிரி இல்லை, யாரோ என்னிடம் கொஞ்ச நேரம் வைத்திருக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனது மாதிரி இருக்கிறது.

"மறந்துட்டாரா?" என்று நூர் மறுபடி கேட்கிறான், பின் வாசலில் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்கிறது. இரண்டு தம்ளர் தேநீர், நூருக்குச் சர்க்கரை கூட. "ஏட்டி ரெஜி, எவ்வளவு நேரம் வெயில்ல கிடப்பிய. பிரிச்சாச்சா? என்ன இருக்கு உள்ள?" கேட்டுவிட்டுத் தம்ளரை நீட்டாமலே நிற்கிறாள், ஆவி அவள் முகத்துக்கு நேராகப் போகிறது, தள்ளிக்கொள்ளவில்லை. துரு என்று சொல்லலாம். வெறும் துரும்மா, ஒண்ணும் தெரியல. சொன்னால் அத்தையின் வார்த்தை அப்படியே நிற்கும், அம்மா சாகும்வரை தொலை என்று சொன்னவளாகவே இருப்பாள். எண்ணெய் இல்லை என்று சொல்லலாம், அப்பா மறந்துட்டார் என்று சேர்த்துச் சொல்லலாம், ஆனால் அம்மா முட்டாள் இல்லை, இன்றைக்கு இல்லாவிட்டாலும் துணி மடிக்கும்போது, வெங்காயம் நறுக்கும்போது, ஒருநாள் அந்தப் பாட்டில் அவள் கையில் வந்து நிற்கும். வாதத்துக்கு இரண்டு பக்கம்தான் இருக்கும் என்று யார் சொன்னது. "பேரிங் உடைஞ்சிருக்கும்மா" என்கிறது என் வாய். "உள்ள இருக்கிற ஒரு சாமான். ஓடும்போதே உடைஞ்சு சக்கரம் நின்னுபோச்சு. அவரா மோதல. யார் தப்பும் இல்ல, யாரும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது." நூர் தலையை நிமிர்த்துகிறான். பேரிங் முழுசாக அவன் காலடியில் துணி மேல் இருக்கிறது. வாயைத் திறக்கிறான், இவனுக்கும் என்னை மாதிரிதான், தப்பாகச் சொன்னால் சும்மா விட முடியாது. அம்மா அதைப் பார்க்கவில்லை. தேநீரைத் தரையில் வைத்துவிட்டு, வைக்கத் தெரியாமல் வைத்து ஒன்று சாய்ந்து கொட்டுகிறது, இரண்டு கையாலும் டேங்கைப் பிடித்துக்கொள்கிறாள், கல்யாண வீட்டில் யாரையாவது கன்னம் பிடித்துப் பார்க்கிற மாதிரி. "நான் சொன்னேன்லா. அன்னையிலருந்து சொல்லுதேன், எவளாவது கேட்டாளா. கோவமா இருந்தவ விடிஞ்சதும் பாட்டில் தூக்கிட்டுப் போய் பெட்ரோல் வாங்கி ஊத்தி வைப்பாளா, தம்பி, நீயே சொல்லு." நூரின் கையில் துணி அப்படியே நிற்கிறது. அவன் சிலிண்டரைப் பார்க்கிறான், அம்மாவைப் பார்க்கிறான், பிறகு என்னைப் பார்க்கவே இல்லை. "பேரிங்தான் ஆன்ட்டி" என்கிறான் தரையைப் பார்த்து. "பழைய வண்டி, அப்படி ஆகும்." துணியை மடக்கி பிஸ்டனை மூடுகிறான். பிறகு என்னிடம், வேலை விஷயம் மாதிரி, "சிலிண்டரைப் போர் போடக் குடுத்துடவா? கடைஞ்சா உள்ள இருக்கிற கோடு எல்லாம் போயிடும். திரும்ப வராது." அத்தை முன்னால் வைக்க இருந்தது இதுதான். பதின்மூன்று வருஷத்தில் கிடைத்த ஒரே சாட்சி, கைக்குள் அடங்குகிற இரும்பு, இன்னும் என் நகம் அதன் உள்ளேதான் இருக்கிறது. "குடுத்துடு" என்கிறேன். "இன்னைக்கே குடுத்துடு." அம்மா முந்தானையால் டேங்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள், மூடியைச் சுற்றிச் சுற்றித் துடைக்கிறாள், எனக்கு முதுகு காட்டி, மறுபடியும், யாரையும் பார்க்காமல், எப்போதும் சொல்கிற அதே வேகத்தில், "பெட்ரோல் வாங்கி ஊத்துவாளாட்டி?"

"ஊத்த மாட்டாம்மா" என்கிறேன்.